சுண்டுவிரல் நுனி மடங்கவில்லை: உருவிவிட்டால் சரியாகுமா?

கேள்வி: 6 மாதம் முன்பு மட்டை வீசியபோது உள்ளங்கையில் அடி. எக்ஸ்-ரேயில் 'முறிவு இல்லை' என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. போன வாரம் எதையோ இறுக்கிப் பிடித்தபோது சுரீரென்றது. இப்போது வலி இல்லை, ஆனால் சுண்டுவிரல் நுனி மடங்கவில்லை. நரம்புக் கோளாறு என்கிறார்கள். உருவிவிட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து யாரும் அந்த இடத்தை உருவ விடாதீர்கள். வலி நின்றது குணமானதால் அல்ல. உரசிக்கொண்டிருந்த தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) அறுந்துவிட்டதால் இருக்கலாம்.

சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு மடிப்பில் பட்டாணி போல ஓர் எலும்பு தட்டுப்படும். மறுகைக் கட்டைவிரலின் நடு மூட்டை அதன்மேல் வைத்து, நுனியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்கை நோக்கித் திருப்பி அழுத்துங்கள். நுனிக்கு அடியில் இருப்பது ஹேமேட் என்ற மணிக்கட்டு எலும்பின் கொக்கி போன்ற நீட்சி. சுண்டுவிரலை மடக்கும் தசைநாண் அதைச் சுற்றித்தான் வளைந்து போகிறது. கொக்கி முறிந்து கூடாமல் கிடந்தால், சொரசொரப்பான முனையில் கயிறு தேய்வதுபோல் இழை இழையாக அறும்.

முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர்த்தி, வேறொருவரை உங்கள் மணிக்கட்டைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். விரல்கள் தாமாகச் சுருளும். நரம்புக் கோளாறு என்றால் சுண்டுவிரலும் கூடவே சுருளும். தசைநாண் அறுந்திருந்தால் சுண்டுவிரல் நுனி மட்டும் நீட்டியபடி நிற்கும். இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமலே நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது எரிச்சலூட்டுகிறது. 'முறிவு இல்லை' என்ற பழைய வரியையே சீட்டுக்குச் சீட்டு நகலெடுக்கிறார்கள். வழக்கமான இரண்டு கோண எக்ஸ்-ரேயில் கொக்கி மறைந்துவிடும். மணிக்கட்டுக்கு சி.டி. ஸ்கேன் கேளுங்கள்.

நுனி மடங்குகிறது என்பதாலேயே தசைநாண் முழுசாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பாதி இழை மிச்சம் இருந்தாலும் மடங்கும். விரலின் நடு எலும்பைப் பிடித்துக்கொண்டு, எதிர்விசை கொடுத்து நுனியை மடக்கும்போது வலித்தாலோ பலம் குறைந்தாலோ அது எச்சரிக்கை. பக்கத்து மோதிரவிரலையும் இப்படியே பாருங்கள். அடுத்துத் தேய்வது அதுதான். கொக்கி அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டு வலியை அடக்கினால் மிச்ச இழையும் பலவீனமாகும்.

அறுந்த முனைகள் நைந்து சுருங்கியிருக்கும். அப்படியே இழுத்துத் தைத்தால் பெரும்பாலும் நிற்காது. மோதிரவிரல் தசைநாணோடு இணைப்பார்கள், அல்லது வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டுவார்கள். சிகிச்சைக்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "கொக்கியை என்ன செய்வீர்கள்?" முறிந்த துண்டை எடுத்து அடியை வழவழப்பாக்காமல் தசைநாணை மட்டும் சரிசெய்தால் அதே முனையில் மறுபடி அறுந்துவிடும். கையின் நுண்தசைகளை இயக்கும் நரம்பு கொக்கியை ஒட்டியே போவதால், கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடமே போங்கள். அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஏறக்குறைய 6 வாரம் பாதுகாப்புப் பட்டை, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லும் அசைவு மட்டும். இறுக்கிப் பிடிக்கும் வேலைக்கு 12 வாரமாவது ஆகும்.