சார்புப் படம் முழுக்கக் கோடாக வந்தால்: இறுதியாண்டு மாணவருக்கு

பைத்தான் நிரலைப் படித்து, எந்த கிளாஸ் எதைச் சார்ந்திருக்கிறது என்று படம் போடும் டூலைச் செய்திருக்கிறீர்கள். படம் முழுக்கக் கோடாக வருகிறது, ப்ராஜெக்ட் தலைப்பை மாற்றிவிடலாமா என்கிறீர்கள். மாற்றாதீர்கள். அந்தக் கோடுகளில் பல, நிரலில் இல்லாத பொய்ச் சார்புகள். அவற்றை வடிகட்டுவதில்தான் சரக்கே இருக்கிறது. இன்டர்வியூவில் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

ஜாவாவில் மாறியின் டைப், அதாவது அதில் எந்த வகை ஆப்ஜெக்ட் இருக்கும் என்பது, நிரலிலேயே இருக்கும். பைத்தானில் ஓடும்போதுதான் தெரியும். அதனால் உங்கள் டூல் பெயரை மட்டும் பார்த்துக் கோடு போடுகிறது. ‘கெட்’ மெத்தடையே பாருங்கள். டிக்‌ஷனரிக்கே அது உண்டு. தரவைத் தற்காலிகமாகச் சேமிக்கும் உங்கள் ‘கேஷ்’ (cache) கிளாஸிலும் கெட் இருந்தால், சாதாரண டிக்‌ஷனரியைத் தொடும் வரியெல்லாம் கேஷை நோக்கிக் கோடாக விழும்.

முதலில் லிஸ்ட், டிக்ட், ஸ்ட்ரிங், செட் ஆகியவற்றின் மெத்தட் பெயர்களை, அவற்றைப் பட்டியலிடும் ‘டிர்’ (dir) ஃபங்ஷனால் எடுத்து வையுங்கள். அந்தப் பெயர்களுக்கு வேறு ஆதாரம் இல்லாமல் கோடு கூடாது. கன்ஸ்ட்ரக்டரில் எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட் வைக்கப்படுகிறது என்பது ஒரு ஆதாரம். மாறியின் டைப்பை நிரலில் எழுதிவைக்கும் டைப் ஹின்ட் இருந்தால் அதுவும். இரண்டும் இல்லையென்றால், ஒரே ஃபங்ஷனுக்குள் அந்த மாறியின் மேல் அழைக்கப்படும் மெத்தட்களைத் திரட்டுங்கள். கெட், எக்ஸ்பயர், ஃப்ளஷ் மூன்றும் அழைக்கப்பட்டால், மூன்றும் உள்ள கிளாஸ் மட்டுமே மிஞ்சும். பேரன்ட் கிளாஸிலிருந்து வரும் மெத்தட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டால் உண்மையான கோடுகளே வெட்டுப்படும். நடுவில் மாறியில் வேறு ஆப்ஜெக்ட் ஏறினாலும் கணக்கு தப்பும்.

இம்போர்ட் செய்யாத கிளாஸுக்குக் கோடு வேண்டாம் என்று ஒரே வெட்டாக வெட்டத் தோன்றும். செய்யாதீர்கள். பாராமீட்டராக வரும் ஆப்ஜெக்டின் கிளாஸை அந்த ஃபைல் இம்போர்ட் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இம்போர்ட் இல்லாத கோட்டை ‘பலவீனம்’ என்று குறித்து வைத்தால் போதும்.

பிறகு சரிபார்ப்பு. ‘சிஸ்’ மாட்யூலின் செட்ப்ரொஃபைலை (sys.setprofile) வைத்து டெஸ்ட்களை ஓட்டி, யார் யாரை அழைத்தார்கள் என்று பதிந்து ஒப்பிடுங்கள். பதிவில் இல்லாத கோடு பொய்யென்று ஆகாது. அந்தப் பாதையை டெஸ்ட் தொடாமலே இருந்திருக்கலாம். ஆகவே வைத்த கோடுகளில் 50, நீக்கியவற்றில் 50 என்று குலுக்கி எடுத்து, நிரலைத் திறந்து கையால் பாருங்கள்.

ரெஸ்யூமேயில் ‘கோடுகளைப் பாதியாகக் குறைத்தேன்’ என்று மட்டும் எழுதினால், நீக்கியதில் உண்மையானவை எத்தனை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். 2021இல் வெளியான பைசிஜி (PyCG) என்ற, எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று படம் போடும் கால் கிராஃப் டூலின் ஆய்வுக் கட்டுரையே, போட்ட கோடுகளில் சுமார் 99 சதவீதம் சரி, இருக்க வேண்டியவற்றில் கிடைத்தது சுமார் 70 சதவீதம் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. நீங்களும் இரண்டு எண்களையும் போடுங்கள். தவறாக நீக்கிய பத்து கோடுகளை, காரணத்தோடு, ப்ராஜெக்ட்டின் ரீட்மீ ஃபைலில் எழுதி வையுங்கள்.