வரியும் அரசுச் செலவும் சிறு தொழில் செய்பவரை எப்படிப் பாதிக்கின்றன?

வரி விகிதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அதை எப்போது கட்ட வேண்டும் என்பதுதான் சிறியவரின் கழுத்தை நெரிக்கிறது.

1954-ல் பிரான்சில் தொடங்கிய மதிப்புக்கூட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்; அதாவது, விற்கும்போது வசூலித்த வரியில், சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டும் முறை. பொதுவாக பில் போட்ட தேதியிலேயே வரி கணக்கில் ஏறிவிடும். வாங்கியவர் மூன்று மாதம் இழுத்தடித்தால், வராத பணத்துக்கு நீங்கள் கைக்காசைப் போட்டு வரி கட்டியிருப்பீர்கள். பணம் வந்தபிறகு கட்டும் வசதி சில நாடுகளில் சிறியவர்களுக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

விற்பனைத் தொகை மீதே வரி என்றால் இன்னும் கொடுமை. 100-க்கு விற்று 4 மிச்சம் பிடிப்பவரிடம் 1 சதவீதம் வாங்கினால், லாபத்தில் கால் பங்கு போச்சு. நஷ்டமான வருடத்திலும் விடாது. அப்புறம் கணக்கெழுதும் செலவு. பெரிய நிறுவனத்துக்கு அது தூசு, தனியாளுக்கு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

சரி, அரசுச் செலவு? நல்ல சாலையும் நிற்காத மின்சாரமும் வந்தால் வியாபாரத்துக்கு உயிர் வரும். அரசு தரும் சம்பளமும் ஓய்வூதியமும் கடைகளில்தான் செலவாகும். ஆனால் அரசு அளவுக்கு மீறிக் கடன் வாங்கினால் வட்டி ஏறலாம். அப்போது வங்கியில் முதலில் கைவிரிக்கப்படுவது சிறியவர்தான்.