குட்டி இலையானின் வாதனாளி: கேட்டவற்றுக்குப் பதில்

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டிப் பழ இலையான் எப்படி மூச்சுவிடுகிறது என்று போன கிழமை எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

மல்லாவி, உயர்தர மாணவி: ரீச்சர், இலையானுக்குச் சுவாசப்பை இல்லையே, ஒட்சிசன் எப்படிக் கலத்துக்குப் போகிறது?

உடலிலுள்ள சிறு துவாரங்களால் காற்று உள்ளே போய், கிளைகிளையாகப் பிரியும் வாதனாளி என்ற காற்றுக் குழாய்களால் நேரே திசுவுக்கே போய்விடும் பிள்ளை. குருதி அதைச் சுமக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலால் வந்து, கிளை வாய்க்கால் தாண்டி, வயலுக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இங்கே கடைசி வாய்க்கால் தனி ஒரு கலத்துக்குள் ஓடும் துளை, அவ்வளவு மெல்லியது.

கிளிநொச்சி: இந்த வாய்க்காலை வெட்டச் சொல்வது யார்?

முட்டைக்குள் வளரும் முளையத்தின் இரு பக்கமும் பத்துப் பத்து இடங்களில், ஏறத்தாழ 80 கலங்கள் கொண்ட கூட்டங்கள் தோன்றும். 'ட்ராக்கியாலெஸ்' என்ற பரம்பரையலகு (ஜீன்) இயங்கும் கலங்கள் தோலாகாமல் குழாயாகப் போகும். அவை உள்ளே குழிந்து பையாகின்றன. அப்புறம் கலப்பிரிவே இல்லை! இருக்கிற கலங்களே நகர்ந்து, நீண்டு, உருமாறிக் கிளைகளாகின்றன. முதன்முதலாகப் படித்தபோது இதை நான் நம்பவில்லை.

எந்தப் பக்கம் போவது? சுற்றியுள்ள திசுக்கள் 'பிராஞ்ச்லெஸ்' என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதைப் பிடிக்கும் வாங்கி 'பிரெத்லெஸ்', குழாய்க் கலங்களின் மேற்பரப்பில் இருக்கிறது. நுனிக் கலம் மோப்பம் பிடித்து முன்னே ஊர, மற்றவை பின்னால் இழுபட்டுப் போகும்.

வவுனியா: பிரெத்லெஸ் என்றால் மூச்சற்றது. மூச்சுக்கு உதவுவதற்கு ஏன் இந்தப் பெயர்?

இலையான் ஆய்வாளர்கள் பெயர் வைப்பது, அந்தப் பரம்பரையலகு பழுதானால் என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான். பிராஞ்ச்லெஸ் பழுதானால் கிளை இல்லை. 'ஸ்ப்ரௌட்டி' பழுதானால் கண்டபடி கிளை துளிர்க்கும். அப்படியானால் அதன் உண்மையான வேலை என்ன? தேவைக்கு மேல் கிளைக்காமல் அடக்குவது. 1998இல் இலையானில் இனங்கண்டார்கள். மனிதரில் அதன் உறவுகள் நான்கு இருக்கின்றன. பரீட்சையில் பெயரைப் பார்த்து வேலையை எழுதினால் தலைகீழாகிவிடும், கவனம்.

முத்தையன்கட்டு, தோட்டக்காரர்: பிள்ளை, மாங்காய்க்குள் புழு வைக்கிறதும் இதுதானா?

இல்லை ஐயா, அது வேறு குடும்பம், உருவத்திலும் பெரியது. அது நல்ல காயைக் குத்தி முட்டையிடும். இது பெரும்பாலும் அழுகலையும் புளித்ததையும் தேடும், கள்ளு முட்டியைச் சுற்றி நிற்குமே, அந்தச் சாதி.

ஒட்டுசுட்டான்: ஒட்சிசன் குறைந்தால் என்ன செய்யும்?

நல்ல கேள்வி. குடம்பி, அதாவது புழுப் பருவத்தில் ஒட்சிசன் போதாத திசு பிராஞ்ச்லெஸைக் கூடுதலாகச் சுரக்கும். பக்கத்திலுள்ள நுனிக் கலங்கள் அந்தப் பக்கம் புதிய கிளை விடும். முளையத்தில் எழுதிவைத்தபடி நடந்த வேலை, இங்கே தேவை பார்த்து நடக்கிறது. ஆள் அதேதான், கட்டளை வரும் இடந்தான் வேறு.

மாங்குளம், ஒரு தாய்: மகனுக்கு இழுப்பு. இதால் மருந்து வருமா?

இதை வைத்து இப்போதைக்கு ஒரு நம்பிக்கையும் தரமாட்டேன் அக்கா. கிளினிக்கையும் பம்மையும் விட்டுவிடாதேங்கோ. பிராஞ்ச்லெஸின் உறவான ஒரு புரதம் இல்லாத எலிக்குஞ்சு சுவாசப்பையே இல்லாமல் பிறக்கும். அதனால்தான் சுவாசப்பை படிப்பவர்களும் இலையானைப் பார்க்கிறார்கள்.

மல்லாவி மாணவி மறுபடியும்: பள்ளிக்கூடத்தில் பார்க்கலாமா?

பார்க்கலாம். போத்தலுக்குள் கனிந்த வாழைப்பழம் வைத்து, இலையான்கள் சில உள்ளே போனதும் துணியால் கட்டுங்கள். சில நாளில் புழு வரும். ஒன்றைத் தண்ணீர்த் துளியில் போட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தால், முதுகு நெடுக இரண்டு வெள்ளிக் கம்பிகள் மினுங்கும். காற்று நிறைந்த பெரிய வாய்க்கால்கள் அவைதான்.