சிங்கப் பாட்டின் மெட்டு யாருடையது? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' அமெரிக்கப் பாட்டு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆப்பிரிக்காவில் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1939-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில், காலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான பாட்டு. பாடியவர் சாலமன் லிண்டா. உடன் பாடியது அவருடைய 'ஈவினிங் பேர்ட்ஸ்' குழு. பாட்டின் பெயர் 'ம்பூபே'. ஜுலு மொழியில் சிங்கம் என்று பொருள். லிண்டா அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைப் பொதி கட்டும் வேலை பார்த்தவர்.

கேள்வி: எல்லோரும் முணுமுணுக்கும் அந்த மெட்டு மூலப் பதிவிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டும். தாழ்ந்த ஆண்குரல்கள் ஒரே அடியை விடாமல் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே லிண்டாவின் உச்சக்குரல் தன் போக்கில் உலவும். மூன்றாம் முறையாகப் பதிவு செய்தபோது, பாட்டு முடியப்போகும் நேரத்தில், அந்தக் கணத்தில் தோன்றிய ஒரு வரியை அவர் இழுத்துப் பாடினார். சில நொடிதான். பின்னால் வந்தவர்கள் அந்த மனோதர்மத்தை எடுத்துத்தான் முழுப் பாட்டாக விரித்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பழைய பதிவை என்னால் பாதியில் நிறுத்த முடிந்ததில்லை.

கேள்வி: பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'விமோவே' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

பொருள் இல்லை. ஜுலு பாடகர்கள் பாடியது 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்'. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கொடுத்த இசைத்தட்டைக் கேட்ட அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகரின் காதில் அது 'விமோவே' என்று விழுந்தது. அவருடைய வீவர்ஸ் குழு அந்தப் பெயரிலேயே பாடி 1952-இல் புகழ்பெற்றது. இசைத்தட்டில் ஆசிரியர் 'பால் கேம்பல்' என்று அச்சிட்டார்கள். அப்படி ஒருவர் கிடையாது, அது அக்குழுவினரின் புனைபெயர். லிண்டாவின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் அது. சீகர் பின்னர் லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஆங்கில வரிகள் எப்போது வந்தன?

1961-இல், டோக்கன்ஸ் என்ற அமெரிக்கப் பாப் குழுவுக்காக. எழுதியவர் ஜார்ஜ் டேவிட் வைஸ். அந்த ஆண்டு டிசம்பரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் வாத்தியம்போல ஒலிக்கும் ஓர் உச்சக்குரல் வருமே, அது அனிடா டேரியன் என்ற ஆபரா பாடகியின் குரல்.

கேள்வி: இவ்வளவு பேர் பாடியதில் லிண்டாவுக்கு என்ன கிடைத்தது?

பாட்டின் உரிமைக்கு 10 ஷில்லிங். 1962-இல், அமெரிக்காவில் பாட்டு உச்சத்தைத் தொட்ட சில மாதங்களிலேயே, அவர் வறுமையில் இறந்தார். கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கவே பல ஆண்டுகள் ஆயின.

அவர் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க வழி திறந்தது ஒரு பழைய சட்டத்தால். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளி இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும். அப்படியானால் 1987 முதல் அது லிண்டாவின் மகள்களுக்கு உரியது. 'தி லயன் கிங்' படத்தில் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னி மீது 2004-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2006-இல் உடன்பாடு ஏற்பட்டது: பழைய நிலுவைக்கு ஒரு தொகை, இனி வரும் வருமானத்தில் பங்கு, லிண்டாவும் இணை ஆசிரியர் என்ற ஒப்புதல். பணத்தைவிட இந்தக் கடைசி அம்சமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: எந்தப் பதிப்பிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

டோக்கன்ஸ் பாடியது ஏற்கெனவே காதில் இருக்கும். அடுத்து மிரியம் மகேபா 1960-இல் பாடியதைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்கக் குரலில், ஜுலு சொற்கள் சிதையாமல் வரும். அதன் பிறகு லிண்டா. பழைய தட்டின் கரகரப்பு முதலில் இடறும். ஒரு நிமிடத்தில் பழகிவிடும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, முடியப்போகிறது என்று தோன்றும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.