ஜேம்ஸ்டவுன் முதல் 1783 வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் ஆற்றங்கரையில்தானே இருந்தது? அப்படியிருந்தும் பட்டினியில் செத்தார்களாமே, மீன் பிடித்தாவது பிழைத்திருக்கக் கூடாதா?

பதில்: இடத்தேர்விலேயே கோளாறு. 1607 மே மாதம் லண்டனின் வர்ஜீனியா கம்பெனி என்ற வணிக நிறுவனம் அனுப்பிய 104 பேர் அங்கே இறங்கினார்கள். கப்பலைக் கரையோர மரத்தில் கட்டும் அளவுக்கு ஆழம் இருந்தது, ஸ்பானியர் கண்ணிலும் எளிதில் படாது. இந்த இரண்டையும் பார்த்தவர்கள் குடிநீரைப் பார்க்கவில்லை. கோடையில் ஆறு வற்றினால் கடல் உப்பு அதுவரை ஏறும், கழிவும் அங்கேயே தேங்கும். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனதில், அடுத்த ஜனவரியில் மிஞ்சியவர்கள் 38 பேர்.

சோளத்துக்கு அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களை நம்பியிருந்தார்கள். அங்கே 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி என்பதைப் பழைய மரங்களின் வளையங்கள் காட்டுகின்றன. தங்களுக்கே பற்றாத தானியத்தைத் துப்பாக்கி காட்டிக் கேட்டால் உறவு எப்படி நிலைக்கும்? 1609-10 குளிர்காலத்தில் அவர்கள் கோட்டையை வளைத்துவிட்டார்கள். மீனோ மானோ, வெளியே போனால்தானே கிடைக்கும்? வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60 பேர்.

கேள்வி: குடியேறியவர்களுக்குத் தலைக்கு 50 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தார்களாமே?

பதில்: கொடுத்தார்கள், ஆனால் வந்தவருக்கு அல்ல, கப்பல் கூலி கட்டியவருக்கு. 1618-இல் வந்த ஏற்பாடு இது. பத்துக் கூலியாட்களை வரவழைத்தவருக்கு 500 ஏக்கர். ஆட்களுக்கோ பொதுவாக நான்கு முதல் ஏழு ஆண்டு ஒப்பந்த வேலை. ஒரே ஆளைக் கப்பல்காரரும் எஜமானரும் தனித்தனியே கணக்கில் காட்டி நிலம் வாங்கிய தில்லுமுல்லும் நடந்தது.

இந்த நிலப்பசிக்குக் காரணம் புகையிலை. உள்ளூர் ரகம் நெடியாக இருந்ததால், 1612 வாக்கில் குடியேறிகளில் ஒருவரான ஜான் ரால்ஃப் ஸ்பானியர் பகுதியின் விதையைப் போட்டுப் பார்த்தார். நாற்றுவிட்டு, மண்ணைக் குவித்து நட்டு, நுனி கிள்ளி, பக்கச் சிம்பு ஒடித்து, அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட வேண்டும். அதிகம் காய்ந்த இலை நொறுங்கும். ஈரத்தோடு பீப்பாயில் அடைத்தால் பயணத்திலேயே பூசணம் பிடிக்கும். ஆண்டு முழுக்க ஆள் வேலை. மூன்று நான்கு போகத்தில் மண் ஓய்ந்துவிடும், அடுத்த நிலத்துக்குப் போக வேண்டும். அந்த அடுத்த நிலம் பவ்ஹாட்டன்களுடையது. 1622 மார்ச்சில் அவர்கள் திருப்பித் தாக்கியபோது 347 குடியேறிகள் இறந்தார்கள். வேலைக்கு ஆப்பிரிக்கர்களை 1619-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் 1662-இல் வந்தது.

கேள்வி: தேயிலை வரியை உயர்த்தியதால்தானே பாஸ்டனில் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்?

பதில்: உயர்த்தவே இல்லை. 1773 சட்டத்தால் தேயிலை மலிவாகத்தான் ஆகியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் ஏலத்தைத் தாண்டி நேரே அமெரிக்காவில் விற்கலாம் என்றது அந்தச் சட்டம். ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் நீடித்தது. கடத்தல் டச்சுத் தேயிலை விற்றவர்களுக்கு இது பிழைப்பில் மண்.

ஆனால் என்னைக் கேட்டால், கடத்தல்காரர் கோபத்தைவிடப் பெரிய விஷயம் ஆளுநரின் சம்பளம். பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியில் அதை மக்கள் மன்றம்தான் ஒதுக்கிவந்தது. ஆளுநரின் குடுமி அவர்கள் கையில். 1770-களின் தொடக்கத்தில் அந்தச் சம்பளத்தை மன்னர் தரப்பே இந்த வரிப்பணத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தது. மன்றத்துக்கு இருந்த பெரிய ஆயுதம் போயிற்று. 3 பென்ஸ் கட்டினால் அதற்குச் சம்மதித்ததாக ஆகும்.

தேதிக்கும் காரணம் உண்டு. கப்பல் வந்து 20 நாளில் வரி கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைக் கைப்பற்றலாம். தேயிலை ஏற்றிய டார்ட்மத் கப்பல் வந்தது நவம்பர் 28. ஆளுநர் ஹட்சின்சன் அதைத் திரும்பிப் போகவும் விடவில்லை. கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின. (எல்லாம் சீனத் தேயிலை. அசாம் தோட்டங்கள் அடுத்த நூற்றாண்டில்தான்.)

கேள்வி: கரீபியனில் இருந்த பிரிட்டிஷ் காலனிகளான ஜமைக்கா, பார்படோஸ் எல்லாம் அமெரிக்க விடுதலைப் போரில் ஏன் சேரவில்லை?

பதில்: அங்கே அடிமைகள் எண்ணிக்கை வெள்ளையரைவிடப் பல மடங்கு. கிளர்ச்சி வந்தால் காப்பாற்ற பிரிட்டிஷ் படை வேண்டும்; சர்க்கரை விற்க பிரிட்டிஷ் சந்தை வேண்டும்.

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரம் 1776-ஆ, 1783-ஆ?

பதில்: பிரிவதென்று வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பிரிட்டன் ஒப்புக்கொண்ட இறுதி உடன்படிக்கை பாரிஸில் 1783 செப்டம்பர் 3. இடையில் 1778-இல் அமெரிக்கர் பக்கம் பிரான்ஸ் சேர்ந்ததும் சண்டை நம் கரைக்கும் வந்தது: அந்த ஆண்டே பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை அவர்கள் முற்றுகையிட்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்து சண்டை நின்றது. அங்கே ஜனவரியிலேயே பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தேர்வுக்கென்றால் 1776 என்றே எழுதுங்கள்.