கல் கத்திக்கு வயது சொல்வது யார்?

கேள்வி: பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கும் எகிப்தியக் கல் கத்தியின் படம் பார்த்தேன். தந்தப் பிடி போட்டது, வயது 5,000 ஆண்டுக்கு மேல் என்று எழுதியிருந்தது. செதுக்கிய தினுசைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்கள் என்று என் தம்பி அடித்துப் பேசுகிறான். அதெப்படி முடியும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. நீங்கள் பார்த்தது கெபெல் எல்-அராக் கத்தியாக இருக்கும். பிடி யானைத் தந்தமில்லை, உருவங்கள் செதுக்கிய நீர்யானைப் பல். 1914-ல் ஜார்ஜ் பெனெதீத் என்பவர் கெய்ரோவில் ஒரு வியாபாரியிடமிருந்து லூவருக்காக வாங்கியது. கெபெல் எல்-அராக் என்பதே அந்த வியாபாரி சொன்ன ஊர்தான், அதை யாரும் முழுசாக நம்புவதில்லை. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று ஒரு தகவலும் கிடையாது. அதனால் கத்தியே வாய் திறந்தால்தான் உண்டு.

நல்லவேளையாக இந்தக் கத்தி நிறையவே பேசுகிறது. முதலில் தீக்கல்லை மெல்லிசாகத் தட்டி எடுத்து, இரண்டு பக்கமும் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் அவர்கள் அதற்குப் பிறகு ஒரு முகத்தில் மட்டும் விளிம்பிலிருந்து அழுத்தி அழுத்தி, ஒன்றை ஒட்டி ஒன்றாக ஒரே அகலத்தில் சில்லுகளைப் பெயர்த்து, அந்த முகம் முழுக்க அலை அலையாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். மறு முகத்தைத் தேய்த்தபடியே விட்டுவிட்டு, கடைசியாக வெட்டும் விளிம்பில் பொடிப் பற்கள். வெட்டுவதற்கு இத்தனை அலங்காரம் தேவையே இல்லை. நமக்கு உதவுவதும் இந்தத் தேவையில்லாத வேலைதான். பழைய கல்யாண போட்டோவில் பெரிய காலர் சட்டையைப் பார்த்ததும் எழுபதுகள் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, பக்கத்தில் வேட்டி துண்டோடு நிற்கும் பெரியவரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

சரி, ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? கல்லறைகளிலிருந்து. இதே தினுசு அலைக் கத்திகள் மேல் எகிப்தில், அதாவது எகிப்தின் தெற்குப் பகுதியில், அரசர்கள் காலத்துக்கு முந்தைய, நகாடா பண்பாட்டுக் கல்லறைகளில் பானைகளோடு சேர்ந்து கிடைத்திருக்கின்றன. அங்கேயே அபைடாஸ் என்ற ஊரில் ஜெர்மானியர்கள் தோண்டிய கல்லறைத் தோட்டத்தில் இதுபோலவே உருவங்கள் செதுக்கிய கத்திப் பிடிகளின் துண்டுகள் மண்ணிலிருந்தே கிடைத்தன. மண்ணில் கிடைத்த இந்தச் சொந்தக்காரக் கத்திகளின் காலம் தெரியும் என்பதால், ஊர் பேர் தெரியாத லூவர் கத்தியையும் கி.மு. 3400 - 3200 வாக்கில் வைக்கிறார்கள். அதாவது செதுக்கு தினுசு காட்டுவது எந்தக் குடும்பம் என்பதை மட்டுமே, தேதி மண்ணில் கிடைத்த உறவுக்காரரிடமிருந்து கடன் வாங்கியது.

அந்தப் பண்பாட்டுக்குப் பெயர் கொடுத்த நகாடா ஊரிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி 1890-களில் அங்கே தோண்டியபோது, பொருள்களெல்லாம் எகிப்துத் தினுசில் இல்லையே என்று பார்த்துவிட்டு, பிரமிடு காலத்துக்கு அப்புறம் வெளியிலிருந்து வந்த ஒரு புது இனத்தாருடையவை என்று முடிவு கட்டினார். உண்மையில் அவை பிரமிடுகளுக்கும் முந்தியவை. அவ்வளவு பெரிய ஆளுக்கே தினுசு அப்படிக் கண்ணைக் கட்டியது. பிறகு அவரே பானைகளின் அலைபோன்ற கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வெறும் கோடாக மாறுவதைக் கவனித்து, கல்லறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தினார். 30-லிருந்து 80 வரை எண் கொடுத்தார், முதல் 29-ஐ இனிமேல் கிடைக்கப்போகும் பழசுகளுக்காகக் காலியாக விட்டார். அந்த எண்கள் ஆண்டுகள் அல்ல, வரிசை மட்டுமே.

கேள்வி: அப்படியென்றால் அழுத்திச் செதுக்கிய கல் எங்கே கிடைத்தாலும் ஐயாயிரம் வருஷம் என்று வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கூடவே கூடாது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கல்லை நெருப்பில் பக்குவப்படுத்தி, அதே அழுத்து முறையில் முனைகளைச் சீவியிருக்கிறார்கள். வயது சுமார் 75,000 ஆண்டுகள். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பழங்குடியினர் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில் கண்ணாடியை அதே முறையில் அழுத்தி ஈட்டிமுனை செய்தார்கள். அது 19, 20-ஆம் நூற்றாண்டுக் கதை. கைவேலை ஒன்றேதான், நடுவில் எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது. முறையை மட்டும் பார்த்து வயது சொல்பவரை நம்பாதீர்கள். எந்த ஊர், என்ன கல், எந்த வடிவம், கூட என்ன கிடந்தது என்று நாலையும் கேட்பவர் பேச்சைக் கேட்கலாம். கல்லின் மேல் படிந்த நிறத்தை வைத்து மதிப்பிடுவதும் அப்படித்தான், மண்ணுக்கு மண் மாறும்.

கேள்வி: நம் அத்திரம்பாக்கம் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்றது எதை வைத்து? (வாசகர், செங்குன்றம்)

பதில்: செதுக்கலை வைத்து இல்லை. 1863-ல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கருவிகளைக் கண்டபோது ‘ரொம்பப் பழசு’ என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பிறகு முறையாகத் தோண்டினார்கள். கல் மண்ணுக்குள் புதைந்த பிறகு அதிலுள்ள சில கதிரியக்க அணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்து 2011-ல் அந்த வயதைச் சொன்னார்கள். 2018-ல் அதே இடத்தில் இன்னொரு செய்தி: பெரிய கைக்கோடரிகள் குறைந்து, கல்லை முன்கூட்டியே வடிவமைத்துச் சில்லு எடுக்கும் முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. இந்தியாவில் அது அவ்வளவு பழசாக இருக்கும் என்று பெரும்பாலோர் நினைத்திருக்கவில்லை.

கேள்வி: ஆன்லைனில் கற்காலக் கத்தி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் சிம்ப்சன் என்று ஒருவர் இருந்தார், பட்டப்பெயர் ஃபிளின்ட் ஜாக். கற்கால அம்புமுனைகளைத் தானே தட்டிச் செய்து, விவரம் தெரிந்தவர்களிடமே விற்றுப் பிழைத்தவர். 1862-ல் லண்டனில் நிலவியலாளர்கள் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து செய்தும் காட்டினார். இன்றைக்கு அவரைவிடக் கைதேர்ந்தவர்கள் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் அதைவிட மோசம், எங்கிருந்தோ தோண்டி எடுத்து அதன் வயதைச் சொல்லக்கூடிய மண்ணைக் கலைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கும்.