ஹெர்பேரியம் தாளில் உள்ள எண்ணை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: தாவரவியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ராபர்ட் வைட் முதலில் விவரித்த ஒரு காட்டுக் காசித்தும்பையை, அது முதன்முதலில் பறிக்கப்பட்ட இடத்திலேயே போய்ப் பார்த்துப் படமெடுத்து வரச் சொல்கிறார் என் வழிகாட்டி. இணையத்தில் கிடைத்த ஹெர்பேரியம் தாளின் (உலர்ந்த செடியை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்) படத்தில் 'பெனின்சுலா இந்தியே ஓரியன்டாலிஸ்' என்ற அச்சு வரியும் ஒரு எண்ணும்தான் இருக்கின்றன. அந்த எண்ணை வைத்து ஜிபிஎஸ் புள்ளி எடுத்துத் தந்து, காட்டுக்குள்ளும் கூட்டிப்போக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?
தென்காசி வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எண்ணுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இங்கே வந்து தாவரவியலாளரான வைட், 1853-இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். அவர் சேர்த்துவைத்த செடிகளின் உபரிப் படிகளை 1866-67-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா பல நாட்டு ஹெர்பேரியங்களுக்குப் பங்கிட்டு அனுப்பியது. நீங்கள் பார்த்த அச்சு லேபிளும் எண்ணும் அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் போட்டவை. படத்தைப் பெரிதாக்கி லேபிளின் ஓரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஆண்டுகள் அச்சில் இருக்கும். ஓர் இனத்துக்கு ஓர் எண் என்று கொடுத்தார்கள். குற்றாலத்தில் பறித்ததும் நீலகிரியில் பறித்ததும் ஒரே எண்ணில் போயிருக்கலாம். அதே காலத்துத் தாவரவியலாளர் வாலிக்கின் பட்டியல் எண்ணும் இதே மாதிரிதான். இதிலிருந்து ஜிபிஎஸ் புள்ளி எடுக்கிறேன் என்பவர் உங்களிடம் விற்பது அவருடைய கற்பனையை.

'ஓரியன்டாலிஸ்' என்பதைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கடற்கரை, கிழக்குத் தொடர்ச்சி மலை என்று அலைந்த மாணவர்களை எனக்குத் தெரியும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக நம் பக்கத்தைக் கிழக்கிந்தியா என்றார்கள், அவ்வளவுதான். அந்த வரிக்குத் தென்னிந்தியா என்பதற்கு மேல் பொருள் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் விவரிப்பிலிருந்து தொடங்குங்கள். வைட் பல காசித்தும்பை இனங்களை 1837-இல் மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் விவரித்தார். அந்தப் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் செடியின் பத்தியில் இடம் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் கியூ, எடின்பரோ இரண்டு இடத்துத் தாள்களையும் தேடுங்கள். ஒரு தாளில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். நான் பார்த்த ஒன்றில் அச்சு லேபிள் வழக்கம்போல வெறுமையாக இருந்தது. ஆனால் தண்டின் அடிப்பக்கம், இலை மடிப்புக்குக் கீழே நகத்தளவு காகிதத் துண்டு ஒன்று. அதில் பழுப்பேறிய மையில் 'கோர்ட்டாலம்', அதாவது குற்றாலம், என்ற ஒரே சொல், கீழே ஒரு மாதம். இரண்டு நாள் தேடலுக்கு அந்தத் துண்டுதான் பலன்.

அதோடு வைட்டின் நடமாட்டத்தையும் பொருத்திப் பாருங்கள். 1830-களின் நடுவில் அவர் பாளையங்கோட்டையில் இருந்தார், குற்றாலத்துக்கு வந்துபோனார். 1836-இல் பழனி மலை ஏறினார். 1842-க்குப் பின் கோயம்புத்தூர். அவரிடம் சம்பளத்துக்குச் செடி பறித்த நம் ஊர் ஆட்களும் உண்டு, அவர்கள் பெயர் லேபிளில் வராது.

ஊர்ப்பெயரில் கவனம் தேவை. 'ஷெவகெர்ரி' என்றால் சிவகிரி. 'ஷெவராய்' என்றால் சேலத்துச் சேர்வராயன் மலை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதியவர்கள் உண்டு. 'வுர்ரகெர்ரி' என்பது வராககிரி, அதாவது பழனி மலை. பழைய தாளில் 'திருவிதாங்கூர்' என்றிருந்தால் உடனே கேரளா என்று எழுதிவிடாதீர்கள், 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. இணையத் தரவுத்தளத்தின் புள்ளியையும் நம்ப வேண்டாம். ஊர்ப்பெயருக்கு நடுமையம் பார்த்துப் போடுவதால், மலையில் வளர்ந்த செடி பேருந்து நிலையத்துப் பக்கம் போய் நிற்கும்.

முதல் விவரிப்பிலிருந்து தொடங்கச் சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கை நான் சொல்லியே ஆக வேண்டும். செடி வியாபாரி கையிலிருந்து வந்திருந்தால் முதல் விவரிப்பே பொய்யாக இருக்கலாம். பாபியோபெடிலம் ரோத்சைல்டியானம் என்ற செருப்பு ஆர்க்கிட் 1888-இல் விவரிக்கப்பட்டபோது அதன் ஊர் நியூகினி என்று அச்சேறியது. போட்டி வியாபாரிகள் அந்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கட்டிவிட்ட கதை அது. அதை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 1959-இல் போர்னியோவின் கினபாலு மலையில் அகப்பட்டது, எழுபது வருடம் கழித்து. இடம் தெரிந்ததும் அங்கேயும் திருடர்கள் வந்தார்கள். நம் அகத்தியமலையின் பாபியோபெடிலம் துருரியையும் ஆர்க்கிட் ஆசைக்காகப் பறித்துப் பறித்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். செருப்பு ஆர்க்கிட் பேரினம் முழுவதும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. இருந்தும், முதல் இடத்துச் செடி என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் உண்டு. உங்களிடம் 15,000 கேட்பவர் அடுத்து யாரைக் கூட்டிப்போவார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கையில் உங்கள் இடக்குறிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

காட்டுக்குள் போக வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதை உங்கள் கல்லூரி வழியாகத்தான் வாங்க வேண்டும், தரகர் மூலமாக அல்ல. தாமதமாகும், தெரியும். எடின்பரோவில் இருக்கும் தாளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் இங்கே ஒரு ஹெர்பேரியத்தில் ஒரே ஒரு தாளைப் பார்க்க நான் மூன்று கடிதம் எழுதினேன், நான்கு மாதம் காத்திருந்தேன். குற்றாலத்துச் செடியைப் பற்றிக் குற்றாலத்துப் பிள்ளை தெரிந்துகொள்ள முடியாதபடி கதவைச் சாத்திவைத்தால் தரகர்களுக்குத்தான் வேலை கிடைக்கும். தாள்களைப் படமெடுத்துப் பொதுவில் போடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, உங்கள் வழிகாட்டியிடம் இதைக் காட்டுங்கள். 1835-இல் பறித்த செடிக்கு அதே பாறை, அதே ஓடை என்று இடம் காட்ட முடியாது. ஒரு மலை வரைக்கும் போக முடிந்தாலே பெரிய விஷயம். உங்கள் தேடல் குற்றாலத்தில் முடிந்தால், ஆய்வேட்டில் 'குற்றால மலை, சரியான இடம் லேபிளில் இல்லை' என்று எழுதுங்கள். நீங்கள் செடியைக் கண்ட இடத்தைத் தனியாக, உங்கள் தேதியோடும் உங்கள் எண்ணோடும் பதியுங்கள். அரிய இனமாக இருந்தால் ஜிபிஎஸ் புள்ளியை அச்சில் கொடுக்காமல் ஹெர்பேரியத்தில் மட்டும் ஒப்படையுங்கள்.